ஸ்பானிய மொழி கற்க எங்கே போவது?

உயர்தரம் முடிந்த பின் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்பவர்களிடம் "ஸ்பானிய மொழி" என்று சொன்னால், "அது எந்த நாட்டுப் பாஷை?" என்ற கேள்விதான் அடுத்து வரும். ஸ்பெயின் என்றதும் காற்பந்து நினைவுக்கு வரும். பெரும்பாலும் அத்தோடு பேச்சு முடிந்துவிடும். எங்கள் வீட்டில் முடியவில்லை. வாப்பாவும் உம்மாவும் இன்னொரு கேள்வியும் கேட்டார்கள்: "அதைப் படிக்க எங்கே போகவேண்டும்?" அதற்கு ஒழுங்கான பதில் தேடிச் சேர்த்தவற்றையே இங்கே தருகிறேன். நீங்கள் நினைத்திருப்பது பிரெஞ்சாகவோ கொரிய மொழியாகவோ இருந்தாலும், வெளிநாடு சென்று மொழி படிக்க விரும்பும் தங்கைமாருக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் இதில் பாதியாவது பயன்படலாம்.

முதலில் மொழியைப் பற்றி. ஸ்பெயினிலும், இலத்தீன் அமெரிக்காவின் 18 நாடுகளிலும், ஆபிரிக்காவில் எக்குவடோரியல் கினியிலும் அரச அலுவல்கள் ஸ்பானிய மொழியில் நடக்கின்றன. அரபைப் போல அதுவும் ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு உத்தியோகபூர்வ மொழிகளுள் ஒன்று. இவை பொது அறிவுப் புத்தகத்தில் கிடைக்கும். அதில் கிடைக்காதது ஒன்றுண்டு: யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஸ்பானிய மொழியின் முதற்பாடத்தில் பாதியை வீட்டிலேயே படித்துவிடுகிறாள். 1619 முதல் 1658 வரை போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை ஆண்டார்கள். அவர்களுடைய சொற்கள் இன்னும் எங்கள் வாயில் இருக்கின்றன. போர்த்துக்கேய மொழியும் ஸ்பானிய மொழியும் ராத்தாவும் தங்கச்சியும் மாதிரி. ஆகவே மேசைக்கு ஸ்பானிய மொழியில் 'மேசா', பாணுக்குப் 'பான்', குசினிக்குக் 'கொசீனா', துவாய்க்குத் 'தொவாயா', அலுமாரிக்கு 'அர்மாரியோ', சப்பாத்துக்குச் 'சபாத்தோ'. கதிரையில் மட்டும் இந்தக் கணக்கு நம்மைக் கைவிட்டுவிடும். ஸ்பானிய மொழியில் 'கதேரா' என்றால் இடுப்பு!

அரபு படிப்பவர்களுக்கு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. 711இல் தாரிக் இப்னு ஸியாத் கடலைக் கடந்தது முதல் 1492இல் கிரனாடா வீழ்ந்தது வரை ஏறக்குறைய எட்டு நூற்றாண்டுகள் அங்கே முஸ்லிம் ஆட்சி இருந்ததை இஸ்லாமிய நாகரிகப் பாடத்தில் படிக்கிறோம். ஆட்சி போனாலும் சொற்கள் போகவில்லை. 'அஸ்ஸுக்கர்' அங்கே 'அசூகர்' ஆனது. (நம்முடைய சர்க்கரையும் அதே குடும்பத்துச் சொல்தான்.) 'அஸ்ஸைத்' என்ற எண்ணெய் 'அசெய்தே' ஆனது. 'அல்குத்ன்' என்ற பருத்தி 'அல்கொதோன்' ஆனது. நகரபிதாவுக்கு இன்றும் 'அல்கால்தே' என்று பெயர், அது 'அல்காழி'. கொர்டோவா வழியாக ஓடும் குவாதல்கிவிர் ஆறு 'அல்வாதி அல்கபீர்', பெரிய ஆறு. ஒரு விருப்பம் நிறைவேற வேண்டும் என்று ஆசைப்படும்போது ஸ்பானியர் 'ஒஹலா' என்பார்கள். அந்தச் சொல்லுக்குள் அல்லாஹ்வின் பெயர் இருக்கிறது. என் வாப்பா தையற்காரர். பழைய ஸ்பானிய மொழியில் தையற்காரருக்கு 'அல்ஃபயாத்தே' என்று பெயர் இருந்ததையும், அது அரபின் 'அல்கய்யாத்' என்பதையும் சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப அங்கையும் எங்கட ஆக்கள்தான் தைச்சிருக்கினம்" என்றார். அன்றிலிருந்து இந்தப் படிப்பில் அவருக்கும் ஒரு பங்கு வந்துவிட்டது.

உச்சரிப்பும் நமக்குக் கடினமல்ல. அ, எ, இ, ஒ, உ என்ற ஐந்து உயிர்கள்தான். ஆங்கிலேயர் தடுமாறும் 'ஞ' ஒலி நம்முடைய அரிச்சுவடியிலேயே இருக்கிறது. ஸ்பெயினின் மத்திய, வட பகுதிகளில் ஓர் எழுத்தை நுனிநாக்கை மேற்பல்லின் நுனியில் வைத்துச் சொல்வார்கள். அது அலிஃப், பா, தா வரிசையில் நான்காவது எழுத்தின் ஒலி. 'ஹோத்தா' என்று ஓர் எழுத்து உண்டு. அது அநேகமாக நம்முடைய ஏழாவது எழுத்து. குர்ஆன் மத்ரஸாவில் மஹ்ரஜ் சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப ஓதவைக்கப்பட்டவர்களுக்கு இந்த இரண்டும் ஒரே நாளில் வந்துவிடும். தெற்கே ஆந்தலூசியாவின் பல ஊர்களிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் அந்த நான்காவது எழுத்தின் ஒலி வெறும் 'ச' ஆகிவிடும். எங்கே படிக்கிறோமோ அந்த ஊரின் ஒலி நாக்கில் ஒட்டும். சுழற்றிச் சொல்ல வேண்டிய 'ர்ர்' ஒன்றுதான் என்னை இன்னும் சோதிக்கிறது.

இடத்தைத் தெரிவுசெய்ய முன் ஒரு கணக்குப் போட வேண்டும். அமெரிக்க வெளிவிவகாரத் திணைக்களத்தின் மொழிப் பயிற்சி நிறுவகம், ஆங்கிலம் பேசும் ஒருவர் ஸ்பானிய மொழியில் வேலை செய்யுமளவுக்குத் தேற 600 முதல் 750 வகுப்பு மணித்தியாலங்கள் வேண்டும் என்று கணித்திருக்கிறது. நமக்கு அதைவிடக் குறையும் என்று எதிர்பார்க்க முடியாது. ஸ்பெயினில் தீவிர வகுப்பு என்றால் பொதுவாக வாரத்துக்கு 20 மணித்தியாலம். நான்கு வாரத்துக்கு 80. "ஒரு மாதம் போய்ப் படித்துவிட்டு வரலாம்" என்று விளம்பரம் செய்பவர்கள் இந்தப் பெருக்கலைச் செய்து காட்டுவதில்லை. விமானச் சீட்டுக்கும் வீசாவுக்கும் வீட்டு வாடகைக்கும் பணம் கொட்டிப் பெறும் அந்த 80 மணித்தியாலத்தில், முதல் 40ஐ 'என் பெயர் இது, எனக்கு வயது இத்தனை' என்று சொல்லப் பழகுவதில் கழிப்பது எவ்வளவு நட்டம்!

ஆகவே முதல் 200 மணித்தியாலத்துக்கான இடம் யாழ்ப்பாணம்தான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்கும், பிறகு இசட் புள்ளிக்கும், பிறகு பல்கலைக்கழக அனுமதிக்கும் நாம் காத்திருக்கும் காலம் எவ்வளவு நீளம் என்று உங்கள் ராத்தாமாரைக் கேட்டுப் பாருங்கள். நாளுக்கு ஒரு மணித்தியாலம் என்றாலும் 200 அதற்குள் வந்துவிடும். ஸ்பானிய அரசு 1991இல் தொடங்கிய செர்வாண்டெஸ் நிறுவகம் இணையவழியிலும் கற்பிக்கிறது. அது நடத்தும் 'தெலே' பரீட்சை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் கொண்டது. அந்தச் சான்றிதழ் காலாவதியாவதில்லை. 11 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கென அதில் தனிப் பரீட்சையும் உண்டு. ஏ2 வரை இங்கிருந்தே படித்துவிட்டால், அதன் பிறகு கால் வைக்கும் எந்த ஊரும் நமக்குப் பாடசாலையாகும்.

இனி ஊர்கள்.

பார்சிலோனாவை எல்லோருக்கும் தெரியும். என் தம்பிக்கு அங்குள்ள மைதானத்தின் படிக்கட்டுகள் வரை தெரியும். ஆனால் அந்த மாநிலத்தில் கத்தலான் மொழியும் அரச மொழி. பாடசாலையும் பெயர்ப்பலகையும் பெரும்பாலும் கத்தலானில் இருக்கும். கத்தலான் அழகிய மொழி, அதை மதிக்கிறேன். ஆனாலும் ஸ்பானியம் கற்கப் போகிறவளுக்கு அது முதல் ஊராக இருக்கவேண்டியதில்லை.

சலமங்கா வடமேற்கே உள்ள சிறிய ஊர். அதன் பல்கலைக்கழகம் 1218இல் தொடங்கியது. வெளிநாட்டு மாணவர்களுக்கு மொழி கற்பிப்பதில் நீண்ட அனுபவம் அதற்கு உண்டு. அங்குள்ளவர்களின் உச்சரிப்புத் தெளிவானது என்று பலரும் புகழ்கிறார்கள். மாணவர்களால் வாழும் ஊர் ஆகையால் கைக்கு அடக்கமானது. குளிர்காலம் கடுமையானது. தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் கொஞ்சம் தேடி அலைய வேண்டியிருக்கும்.

என் மனம் சென்று நிற்பது கிரனாடாவில். அல்ஹம்ராவுக்காக என்று நீங்கள் நினைத்தால் பாதி சரி. மீதிப் பாதி நடைமுறைக் காரணம். கிரனாடாப் பல்கலைக்கழகம் 1531இல் தொடங்கியது. வெளிநாட்டவர்களுக்கு ஸ்பானியம் கற்பிக்க அதற்கென்றே ஒரு நவீன மொழிகள் நிலையம் இருக்கிறது. மட்ரிட், பார்சிலோனா போன்ற பெருநகரங்களைவிட வாடகை குறைவு. அல்பாய்சின் என்ற பழைய முஸ்லிம் குடியிருப்பின் மேட்டில் 2003இல் ஒரு பள்ளிவாசல் திறக்கப்பட்டது. மொரோக்கோவிலிருந்து வந்து குடியேறியவர்கள் பலர் இருப்பதால் ஹலால் இறைச்சிக் கடை தேட வேண்டியதில்லை. பல்கலைக்கழகங்களில் ஹிஜாபைத் தடைசெய்யும் தேசியச் சட்டம் ஸ்பெயினில் இல்லை. குறை என்னவென்றால் பேச்சு வேகம். சொல்லின் கடைசியில் வரும் 'ஸ்' அநேகமாக விழுங்கப்பட்டுவிடும். பாடப்புத்தகத்தை மட்டும் கேட்டுப் பழகிய காது முதல் இரண்டு வாரம் திணறும். மட்டக்களப்பு உறவினர் வீட்டுக்கு முதல்முறை போன யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இந்தத் திணறல் தெரியும். அது தீர்ந்துவிடும் என்பதும் தெரியும்.

அந்த ஊரின் வரலாறும் நம்மைச் சும்மா விடாது. 1499ஆம் ஆண்டை ஒட்டி, கிரனாடாவின் பிப்-ரம்ப்லா சதுக்கத்தில் அரபு நூல்களைக் குவித்து எரித்தார்கள். 1981இல் நூலகம் எரிந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துக் கொர்டோவாவில் பத்தாம் நூற்றாண்டில் இரண்டாம் ஹகமின் அரசவையில் லுப்னா என்ற பெண் எழுத்தராக இருந்தார். இலக்கணமும் கணிதமும் கவிதையும் அறிந்தவர். பெண்கள் கல்லூரிச் சஞ்சிகையில் அவர் பெயர் ஒருமுறையாவது அச்சாக வேண்டும் என்பதற்காகவும் இதை எழுதுகிறேன்.

சில பெற்றோர் "முஸ்லிம் நாட்டிலேயே ஸ்பானியம் படிக்க முடியாதா?" என்று கேட்கக்கூடும். முடியும். வட மொரோக்கோ 1912 முதல் 1956 வரை ஸ்பெயினின் பாதுகாப்பு ஆட்சியில் இருந்தது. தெத்துவான், தஞ்சியர் இரண்டிலும் செர்வாண்டெஸ் நிறுவகம் இருக்கிறது. தெத்துவானை 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீளக் கட்டியெழுப்பியவர்கள் கிரனாடாவிலிருந்து வெளியேறி வந்த அகதிகள். புத்தளத்தில் வாழ்ந்த நம் குடும்பங்கள் அந்த ஊரின் தெருக்களைப் பார்த்தால் ஏதோ ஒன்று புரியும். ஆனால் அங்கே சந்தையில் பேசப்படுவது மொரோக்கோ அரபு. அது நம் பாடநூல் அரபிலிருந்தும் வெகுதூரம். ஸ்பானியம் வகுப்பறைக்குள் நின்றுவிடும்.

இலத்தீன் அமெரிக்காவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் கியூபாவின் தூதரகம் இருக்கிறது. சே குவேரா 1959இல் இலங்கைக்கு வந்து ஹொரணையில் ஒரு மரம் நட்டுச் சென்றார். ஹவானாவில் 1999இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியில் பல நாட்டுப் பிள்ளைகள் ஸ்பானிய மொழியில் மருத்துவம் படிக்கிறார்கள். நல்ல விடயங்கள்தான். ஆனால் அவசரத்துக்கு ஒரு நாளில் வீட்டுக்கு வர முடியாத தூரத்தை எங்கள் வீட்டில் பேசுவதற்கே நான் துணியவில்லை. ஓர் ஆறுதல்: நீ, நீர், நீங்கள் என்று மூன்று படியில் பேசுபவர்கள் யாழ்ப்பாணத்தவர், 'தூ', 'வோஸ்', 'உஸ்தே' என்று அங்கேயும் மூன்று உண்டு. ஸ்பெயினில் ஆசிரியரைக்கூட விரைவில் 'தூ' என்று அழைக்கத் தொடங்கிவிடுவார்கள். நமக்கு அது நாக்கில் ஏறாது. கொலம்பியாவின் சில பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே 'உஸ்தே' போடுவார்களாம். அவர்களோடு நாம் ஒத்துப்போவோம்.

இந்தப் பெயர்களிடையே இந்தியாவை யாரும் நினைப்பதில்லை. என் கணக்கில் அதுதான் முதலிடம். புது டில்லியின் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் ஹைதராபாத்தின் ஆங்கில மற்றும் அந்நிய மொழிகள் பல்கலைக்கழகத்திலும் ஸ்பானிய மொழியை ஆரம்பத்திலிருந்தே கற்பித்துப் பட்டம் தருகிறார்கள். செர்வாண்டெஸ் நிறுவகம் டில்லியில் 2009 முதல் இருக்கிறது. தெலே பரீட்சையும் அங்கே எழுதலாம். இந்திய அரசு இலங்கை மாணவர்களுக்கு நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில், மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் என்பவற்றை வழங்குகிறது. முன்னையது முதற் பட்டத்துக்கும் பின்னையது மேற்பட்டத்துக்கும் உரியது. இந்தியத் துணைத் தூதரகம் 2010 முதல் யாழ்ப்பாணத்திலேயே இருப்பதால் விசாரிப்பதற்கென்று கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானமும் உண்டு. 600 மணித்தியாலத்தையும் அதற்கு மேலேயும் குறைந்த செலவில் தரக்கூடிய இடம் இது. தெருவில் ஸ்பானியம் கேட்காது என்பது உண்மை. அதற்காகத்தான் பட்டப்படிப்பின் நடுவிலோ முடிவிலோ கிரனாடாவுக்கு ஒரு பருவகாலம். அப்போது போகிறவள் வாயுள்ளவளாகப் போவாள்.

செலவைப் பார்த்தாலும் இந்த வரிசைதான் சரியாகப் படுகிறது. 90 நாளுக்கு மேல் ஸ்பெயினில் படிக்க வீசா கேட்கும் மாணவி, தங்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் அரசு குறித்த தொகை கையில் இருப்பதைக் காட்ட வேண்டும். 2023இல் அது 600 யூரோ ஆனது. இலங்கை ரூபாவில் ஏறத்தாழ இரண்டு இலட்சம். வகுப்புக் கட்டணமும் பயணச் சீட்டும் இதற்கு வெளியே. ஒரு வருடம் என்றால் எத்தனை சல்வார் தைக்க வேண்டும் என்று வாப்பா வாயால் கணக்குப் போட்டார். மூன்று மாதம் என்றதும் அந்தக் கணக்கை மறுபடி போடத் தொடங்கினார்.

எந்த ஊருக்குப் போனாலும் யாருடைய வீட்டில் தங்குகிறோம் என்பது ஊரைவிடப் பெரிய விடயம். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் உம்மா. 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது அவருக்கு ஏழு வயது. புத்தளத்தில் முகாமில் வளர்ந்தார். உம்மம்மாவுக்கு நெஞ்சு வருத்தம். ஆஸ்பத்திரிக்குப் போனால் டொக்டரும் தாதியும் சிங்களத்தில் பேசுவார்கள். பத்து வயதில் உம்மா நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொடுத்தார். எந்த வகுப்புக்கும் போகாமல் வந்த சிங்களம் அது. அதே முகாமில் வளர்ந்த அவருடைய ராத்தா வீட்டுக்குள்ளேயே இருந்தவர்; அவருக்கு இன்றுவரை சிங்களம் வராது. ஒரே ஊர், ஒரே ஆண்டுகள். ஒருவருக்குத் தேவை இருந்தது, மற்றவருக்கு இல்லை.

கிரனாடாவில் நாலு இலங்கைப் பிள்ளைகளோடு ஓர் அறை எடுத்துத் தமிழும் ஆங்கிலமும் பேசிக்கொண்டிருந்தால் உம்மாவின் ராத்தாவைப் போல ஆகிவிடுவோம். பெற்றோருக்கு அந்த ஏற்பாடுதான் நிம்மதி தரும் என்பதும் எனக்குத் தெரியும். நடுவழி ஒன்று உண்டு: ஸ்பானிய வீடொன்றில், முடிந்தால் தனியே வாழும் வயதான பெண்மணியின் வீட்டில், ஓர் அறை. மொழிப் பாடசாலைகள் பல இப்படி வீடுகளை ஒழுங்குசெய்து தருகின்றன. பன்றி இறைச்சி அந்த நாட்டின் அன்றாட உணவு. ஆகவே "நோ கோமோ செர்தோ" என்ற வசனத்தை முதல் கடிதத்திலேயே எழுதிவிடவேண்டும். 'பன்றி சாப்பிடமாட்டேன்' என்று பொருள். தொழுகை நேரத்தையும் சொல்லிவைக்க வேண்டும். ஜூன் கடைசியில் கிரனாடாவில் மஃரிப் இரவு ஒன்பதரைக்குப் பிறகுதான் வரும். இஷா பதினொரு மணியைத் தாண்டிவிடும். ஆறரை மணி மஃரிபுக்குப் பழகிய நாம் அந்த நேரத்தில் குழாய் திறந்து வுழூச் செய்தால் வீட்டுக்காரி பயந்துபோகக்கூடாது அல்லவா?

பெண் பிள்ளை மஹ்ரம் துணையின்றிப் பயணம் செய்வது பற்றி உலமாக்களிடையே ஒன்றுக்கு மேற்பட்ட கருத்துகள் உண்டு. அதை ஒரு மாணவி கட்டுரை எழுதித் தீர்க்க முடியாது. ஒவ்வொரு குடும்பமும் தாம் நம்பும் ஆலிமிடம் கேட்க வேண்டியது அது. நம்மால் செய்யக்கூடியது, கேள்வியை முழுமையாக எழுதிக் கொடுப்பது: எந்த ஊர், எத்தனை நாள், யாருடைய வீடு, கூடப் போகிறவர் யார், வகுப்பு எத்தனை மணிக்கு முடியும், பாடசாலைக்குச் செர்வாண்டெஸ் நிறுவகத்தின் அங்கீகாரம் உண்டா. "ஸ்பெயினுக்குப் போகலாமா?" என்று மொட்டையாகக் கேட்டால் "வேண்டாம்" என்பதுதான் சுலபமான பதில். விவரமாகக் கேட்டால் பெரியவர்களும் விவரமாக யோசிக்கிறார்கள். எங்கள் வீட்டில் நான் கண்டது இது.

உம்மா இன்னும் சம்மதம் சொல்லவில்லை. "நீ எந்தப் பாஷையும் படி மகள். எங்க இருந்து படிக்கிறாய், ஆரோட இருக்கிறாய், அதை எனக்குக் காட்டு" என்றார். ஊரை விட்டுப் போவது என்ற சொல்லை அவர் கேட்கும் விதமும் நான் சொல்லும் விதமும் வேறு வேறு. ஆகவே நான் அவசரப்படவில்லை. சென்ற வாரம் அவர் புதிதாக ஒரு கேள்வி கேட்டார்: ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் பெண்கள் விடுதிக் கதவை இரவு எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்? அதை விசாரித்துக் கடிதம் எழுதியிருக்கிறேன்.